பதினாலரை நாட்

அக்டோபர். இரவு இரண்டே கால்.
விக்டோரியாவுக்கு வெளியே, ஆடும் கயிற்றேணியில் ஏறி
மேல்தளம் சேர்ந்தேன். மழை பக்கவாட்டில் பெய்தது.
கேப்டன் பே சாங்-வூ காபி நீட்டினார்.
பெட்டிகளில் என்ன என்றேன்.
காலணிகள், என்றார். பாதிக்கு மேல்
ஓட்டக் காலணிகள்.

ஹாரோ நீரிணையின் வாயில்
"பதினாலரை நாட்" என்றேன்.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
"சட்டமா?"
"இல்லை. கேட்டுக்கொள்கிறார்கள்."
"யாருக்காக? கொலைகாரத் திமிங்கலங்களுக்காகவா?"
"ஆமாம். கொலைகாரர்கள்
எழுபத்துச் சொச்சம் பேர்தான் மிச்சம்."

பெட்ரா சாவ்சுக்கின் கொட்டகையைப் பற்றி
அவரிடம் சொல்லவில்லை.
பாறைமேல் தகரக் கூரை, புகையும் கணப்பு,
கடலடியிலிருந்து ஏறிவரும் ஒற்றைக் கேபிள்.
என் காதுக்கருவியைக் கழற்றச் சொல்லி
ஹெட்ஃபோன் மாட்டினாள்.
(இருபது வருடம் எஞ்சின் அறைகள்
தின்று மிச்சம் வைத்த காது.)

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஈர பலூனை விரலால் தேய்த்ததுபோல்
ஒரு கூவல். அதற்கொரு பதில்.
இடையிடையே டிக் டிக் டிக்:
இருட்டுக்குள் எறிந்த பொடிக்கற்கள்
சால்மன்மேல் பட்டுத் திரும்பும்போது
மீனின் உருவம் தெரியுமாம்.
இவற்றுக்குச் செவி வழியேதான் வயிறு.

பிறகு கப்பல் வந்தது.
தூரத்து முனகலாய்த்தான் தொடங்கியது.
கொஞ்சம் கொஞ்சமாய் யாரோ
மாவு மில்லுக்குள் என் தலையைத் தள்ளிக் கதவடைத்தார்கள்.
அந்த அரைவையில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை,
சுழலியின் ஓர் இதழ் மட்டும் கிறீச்சிட்டது.

அது எனக்குத் தெரிந்த கிறீச்.
மாலுமி மேடையில் நிற்கையில் உள்ளங்காலில் ஏறுவது.
"எந்தத் தேதி இது?"
"ஏப்ரல் ஒன்பது."
ஏப்ரல் ஒன்பதில் அந்தக் கப்பலை
இந்த வழியே கூட்டி வந்தவன் நான்.
பத்தொன்பது நாட். வேளைக்கு முன்பே சேர்த்தேன் என்று
கைகுலுக்கினார்கள்.

டிக் டிக் நின்றிருந்தது.
ஒரு கூவல் மட்டும் விடாமல்,
இன்னும் உரக்க, இன்னும் உரக்க,
அதே மூன்று வளைவு.
தாய், என்றாள் பெட்ரா.
பதில் வந்ததா?
வந்திருக்கலாம். உங்கள் கப்பலுக்கடியில் எங்கேயாவது
இருக்கலாம்.

நனைமோவில், மகளின் பிறந்தநாள் மேசை.
பக்கத்தில் ஹாக்கி பார்க்கும் கும்பல்,
தட்டு, கரண்டி, கத்தல்.
பிரன்னா முன்னால் சாய்ந்து ஏதோ கேட்டாள்.
நான் தலையாட்டினேன், ஆமாம் ஆமாம்.
அவள் முகம் மாறியது.
எதற்கு ஆமாம் சொன்னேன் என்று
இன்றுவரை தெரியாது. அவள்
இரண்டாம் முறை கேட்கவில்லை.

சுழலியைப் பற்றி எழுதிப் போட்டேன்.
அடுத்த உலர்துறையில் பார்க்கிறோம் என்றார்கள்.
அடுத்த உலர்துறைக்கு இரண்டு வருடம்.
இது அதே கப்பல்தான். அதே கிறீச்,
பதினாலரையில் கொஞ்சம் தணிந்து,
பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறவன்போல.

காபியின் மேல் நடுக்கம் அடங்கியது.
"இருபத்தெட்டு நிமிடம் தாமதம்" என்றார் கேப்டன்.
எட்டு மணிக்குக் கிரேன். அதற்குப் பின்னால் லாரிகள்.
அதற்கும் பின்னால் எங்கோ
ஓடக் காத்திருக்கும் கால்கள்.
பிறகு மேடையின் இறக்கைக் கதவைத் திறந்து
மழையில் போய் நின்றார்,
ரேடியோவைக் குறைக்கச் சொல்லி.
"கேட்கிறதா?"
"இங்கிருந்து கேட்காது."
தெரியும் என்பதுபோல் தலையசைத்தார். உள்ளே வரவில்லை.

எதையும் பார்க்கவில்லை அன்று.
துடுப்பு இல்லை, மூச்சின் நீர்ப்பூ இல்லை.
அடியில் யாராவது இருந்தார்களா, சாப்பிட்டார்களா,
பெட்ராவுக்குத் தெரியலாம்.

வான்கூவரில் இறங்கி, கிரேன்களுக்குக் கீழே நின்று
பிரன்னாவை அழைத்தேன்.
அன்று நீ என்ன கேட்டாய்?
"எப்போது?"
உன் பிறந்தநாளில், என்றேன்.
பெட்டிகள் இறங்கும் இரைச்சல்.
இன்னொரு காதைப் பொத்திக்கொண்டேன்.