சிக்னல் இல்லாத இரவு

போனில் நீ கேட்கும்போதெல்லாம்
நன்றாக இருக்கிறோம் என்றுதான் சொல்கிறேன், மொஹா.
காசாபிளாங்காவில் இருந்துகொண்டு
நீதான் என்ன செய்துவிட முடியும்,
ஒரு வாரக் கூலியைப் பஸ்ஸுக்குக் கொடுப்பதைத் தவிர.

இன்று சிக்னல் இல்லை.
அதனால் சொல்கிறேன்.

கூடாரத்தின் எண் நாற்பத்தொன்று. மஞ்சள் துணி.
பகலில் பிள்ளைகளின் முகமெல்லாம்
காமாலை கண்டதுபோல் தெரியும்.
முதல் வாரம் முழுக்க
இஸ்ஸாவின் கண்ணிமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

நிவாரண லாரியில் துணி வந்தது.
என் பங்குக்கு விழுந்த மூட்டையில்
குதிகால் உயர்ந்த செருப்பு, இடது கால் மட்டும்.
ஜிகினா வைத்த விருந்து உடை, முதுகே இல்லாமல்.
சிரித்தேன்.
செப்டம்பருக்குப் பிறகு அன்றுதான்.
தூடா பயந்துபோய் என்னையே பார்த்தாள்.
வெட்டி, இஸ்ஸாவின் போர்வைக்கு மேலுறை தைத்தேன்.
டார்ச் பட்டால் உன் சின்ன மகள்
கல்யாண வீடுபோல் மினுங்குகிறாள்.

பாஸ்ஸூவைப் பற்றித்தான் கேட்பாய்.
பேசுகிறான், சாப்பிடுகிறான்.
கூரை என்று ஒன்று இருந்தால் மட்டும் உள்ளே போக மாட்டான்.
பள்ளிக்கூடம் இப்போது ஒரு இரும்புக் கண்டெய்னர்;
வாசலில் நின்றபடியே வாய்ப்பாடு ஒப்பிக்கிறானாம்,
மழையில் ஒரு தோள் நனைய.

இடிபாட்டிலிருந்து இழுத்தெடுத்த கம்பளத்தில்
சிவப்பு நூலாக உருவி எடுத்தான்.
இரவானால் என் கால் கட்டைவிரலில் ஒரு சுற்று,
தூடாவின் விரலில் ஒன்று, அவன் விரலில் ஒன்று.
கடைசி முனை கூடாரத்துக்கு வெளியே
கோவேறு கழுதையின் முன்னங்காலில்.
"அதுக்குத்தான் முதல்ல தெரியும்" என்றான்.
அன்றைக்கும் அது தொழுவக் கதவை உதைத்ததாம்,
யாருக்கும் கேட்கவில்லையாம்.

எனக்குக் கேட்டது, மொஹா.
ஈ கடிக்கிறது என்று நினைத்து
புரண்டு படுத்தேன்.
இதை அவனிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் பனியில் கழுதை காலை உதற
நூல் சுண்டி
நாங்கள் நால்வரும் வெறுங்காலோடு வெளியே.
எங்களைப் பார்த்து நாற்பது, எங்களைப் பார்த்து நாற்பத்திரண்டு,
வரிசை முழுக்க வெளியே.
மலை அசையவே இல்லை.
ர்கியா என் ஏழு தலைமுறையையும் திட்டினாள்,
திட்டிக்கொண்டே தேநீர் போட்டாள்.
விடியும்வரை ஒருவரும் உள்ளே போகவில்லை.

நூல் அறக்கூடாதென்று
சிறுநீரை அடக்கப் பழகிவிட்டேன்.

நேற்று அவன் பந்து விளையாடிவிட்டு வந்தான்.
முழங்காலெல்லாம் சேறு.
இரண்டு ரொட்டி தின்றான், விழுந்தான், தூங்கினான்.
நூல் கம்பத்தில் தொங்கியபடியே இருந்தது.
நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.
கூடாரத் துணி காற்றில் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும்
கண் திறந்தது.

எழுந்தேன்.
அவன் விரலில் கட்டினேன், எழுப்பாமல்.
தூடாவுக்கு. எனக்கு.
மீதி நூலைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்
கழுதையின் காலடியில் குந்தினேன்.
அது குனிந்து
என் பிடரியில் சூடாக மூச்சுவிட்டது.
இந்த முறை எழுவேன் என்றேன் அதனிடம்.

சிக்னல் வந்ததும் கூப்பிடுகிறேன்.
நன்றாக இருக்கிறோம்.
வாற்கோதுமை விலை ஏறிவிட்டது,
கழுதைத் தீவனத்துக்குக் கொஞ்சம் பணம் அனுப்பு.