ஒரு லிட்டர்

எமரால்டு அணையில் இன்று காற்றில்லை.
ஹாலன் மோட்டாரை அணைத்ததும்
ஒலிமானியில் பச்சை எண் வந்து நின்றது:
பதினொன்று புள்ளி நாலு.
பழைய வரைபடம் இதே இடத்துக்குப் பதினாறு என்கிறது.
இடையில் காணாமல்போன நாலரை மீட்டர்
தண்ணீர் இல்லை, தோட்டம்.

எதிர்ச் சரிவில் கேரட் பாத்திகள்
நேர்நேராகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தன.
"போன ஐப்பசி மழையில் எங்க மூணு பாத்தி
அப்படியே இறங்கிடுச்சு மேடம்.
எங்க நிலத்து மேலதான் மிதக்கிறோம்."
சிரித்தார். நான் எண்ணை எழுதிக்கொண்டேன்.

இதற்குமுன் ஆறு வருஷம் கிள்ளையில் இருந்தேன்.
சேற்றின் உயரம் கேட்கிற வேலை.
சுரபுன்னை வேர்களுக்கு நடுவே
இனி இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும்வரை
அடித்து இறக்கிய எஃகுக் கம்பி,
அதன் தலையில் ஒரு கை,
கையில் ஒன்பது ஊசிகள்.
முனை சேற்றைத் தொடுகிற நேரத்தில்
கன்னியப்பன் தும்மலைக்கூட
பலகைப் பாதையின் அந்தக் கோடிக்குப் போய்த்தான் தும்முவார்.

பக்கத்தில் வெள்ளைப் பொடி தூவியிருப்போம்,
கோலம் மறந்த கோலமாவு.
வருஷம் கழித்துக் கத்தியால் ஒரு துண்டு எடுத்தால்
வெள்ளைக்கு மேல் ஐந்து மில்லிமீட்டர் புதுச் சேறு.
ஆனால் கம்பியைக் கேட்டால்
நிலம் ஏறியது இரண்டுதான்.
மீதி மூன்று?
செத்த வேர்கள் மட்கி உட்கார்ந்துவிட்டன.
ஈரம் பிழிந்து, தன் பாரத்தில் தானே அமுங்கியது மண்.
உயிருள்ள வேர் உள்ளிருந்து தூக்க
செத்த வேர் கைவிட
ஏற்றமும் இறக்கமும் ஒரே இருட்டுக்குள்.
கடல் அந்தப் பஞ்சாயத்துக்கு வரவில்லை.
அந்த வருஷம் அது பேசாமல் மூன்று ஏறியிருந்தது.

ஒன்று குறைகிறது.

நேற்று போனில் கன்னியப்பன்:
"வண்டல் வரலம்மா. கொள்ளிடம் தெளிஞ்சு வருது.
தெளிஞ்ச தண்ணிய வச்சுகிட்டு
அந்த மரம் என்ன பண்ணும்?"
அதன் மேல்தான் தினமும் படகு ஓட்டுகிறேன் என்று
அவரிடம் சொல்லவில்லை.
இங்கே, குந்தாவில், பில்லூரில், பவானிசாகரில்
ஒவ்வொரு வாசலிலும் ஒரு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு
மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு
போய் நிற்கிறது ஆறு.

ராத்திரி விடுதியில் கம்பளிக்குள் கணக்குப் போட்டேன்.
ஒரு சதுர மீட்டரை
ஒரு மில்லிமீட்டர் உயர்த்த
ஒரு லிட்டர் போதும்.

பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை.
தைலம் தீர்ந்த கண்ணாடி பாட்டிலைக் கழுவி எடுத்துப் போனேன்.
ஹாலன் எதற்கென்று கேட்கவில்லை.
அடிச்சேற்றை அள்ளி, வாய்வரை வழித்து ஊற்றி,
அதில் கிடந்த நீல நைலான் நூலை மட்டும்
இரண்டு விரலால் உருவிப் போட்டார்.
கேரட் மூட்டை கட்டிய நூல்.
அவர் கட்டியதாகவும் இருக்கலாம்.

"தைலமா?" என்றார் கண்டக்டர்.
"சேறு."
"எதுக்கு?"
"கிள்ளைக்கு."
லக்கேஜ் போடவில்லை அவர்.

தெரியும்.
ஊசிகள் தொடுகிற கட்டத்துக்குள் இதை ஊற்றினால்
ஆறு வருஷக் கணக்கும் பொய்யாகிவிடும்.
பலகைக்கு இந்தப் பக்கம்,
யாரும் அளக்காத ஒரு சதுர மீட்டரில்
சாயங்கால ஓதம் வருவதற்குள் ஊற்ற வேண்டும்.
கன்னியப்பன் கேலி செய்வார்.
பிறகு, எனக்குத் தெரியும்,
பாட்டிலைக் கேட்டு வாங்கி முகர்ந்து பார்ப்பார்.

குன்னூர் தாண்டி வளைவுகள் தொடங்கின.
பாட்டிலை மடியில் இடுக்கிக்கொண்டேன்.
ஒவ்வொரு திருப்பத்திலும் அது என் வயிற்றில் சாய்ந்து
நிமிர்ந்தது.

கல்லாற்றில் பஸ் நின்றபோது
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
மேலே இரண்டு விரல் அகலத்துக்குத் தெளிந்த தண்ணீர்.
குலுங்கிக் குலுங்கி
சேறு அதற்குள் இறங்கியிருந்தது.