மூண்டு முடிச்சு

கொக்குவில் ஸ்டூடியோ, இரவு பதினொன்றரை.
நாலாந்தரமும் இறுகிப்போச்சு:
மாப்பிள்ளையின்ர கை தாலியோட அந்தரத்தில.
மௌஸ் அசையேல்லை. ஃபான் மட்டும் இரையுது.

விடிய வீடியோ கேட்டு வருவினம்.
வாமலோசனன் மூடியைக் கழற்றினான்.

போர்டோட பிறந்த கிராபிக்ஸ் ஒண்டு,
போன கிழமை ஸ்டான்லி வீதியில
நான் பேரம்பேசி வாங்கின கார்ட் ஒண்டு.
ஒரே வாசலில ரெண்டும்
நான்தான் காட்டுவன் எண்டு நிக்குதுகள்.

கார்டை உருவி
பொன்பல்லை அழிறப்பரால தேய்ச்சான்.
உப்புக்காத்தின்ர பச்சை.
பழசை பயோஸில நிப்பாட்டி,
புதுசை மற்ற ஸ்லொட்டில அமத்தினான்.
திருகாணி ஒண்டு உருண்டுபோச்சு. ஒருத்தரும் தேடேல்லை.

ஒரு பீப்.

கெட்டிமேளம்.
கை இறங்குது.
முதல் முடிச்சு.

"சேவ் பண்ணும் அக்கா" எண்டான்.
எனக்கெண்டால்
மூண்டாவது விழுமட்டும்
கண்வெட்டப் பயம்.