தன்மை ஒருமை

ஒரே பக்கம்தான் இருக்கணும் என்றாள் ரெபெக்கா.
துரைப்பாக்கம் விடுதி மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு லேப்டாப்பை நகர்த்தி நகர்த்தி
என் முப்பத்தோரு வயதை
ஒரு பக்கத்துக்குள் மடித்துக்கொண்டிருந்தோம்.
கீழே ஓஎம்ஆர்
மெட்ரோக் குழிகளுக்கு நடுவே
நகர்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"உதவினேன்" என்றிருந்ததை அடித்து
"வழிநடத்தினேன்" ஆக்கினாள்.
"பார்த்துக்கொண்டேன்" என்பது
"முழுப்பொறுப்பேற்று நிறைவேற்றினேன்" ஆயிற்று.
ராத்திரி இரண்டே முக்காலுக்குச் சர்வர் படுத்தபோது
எண்ணெய்த் தலையோடு எழுந்து
அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேனே, அது:
அமைப்பின் நிலைத்தன்மை நாற்பது சதவீதம் உயர்ந்தது.
நாற்பது எங்கிருந்து வந்தது?
"முப்பதுன்னா மதிக்க மாட்டான்,
ஐம்பதுன்னா கணக்குக் கேப்பான்."

அவள் எழுதியதெல்லாம் இங்கிலீஷில்.
அங்கே வினைகள் இஸ்திரி போட்டு
ஆளில்லாமல் நிற்கின்றன.
செய்தது யாரென்று காட்டத் தேவையில்லை.
இரவு படுத்தபடி ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
வடிவமைத்தேன். கட்டியெழுப்பினேன். வழிநடத்தினேன்.
தன்மை ஒருமை விகுதி என்று
எட்டாம் வகுப்பில் படித்து மறந்த ஒன்று
எல்லா வாலிலும் உட்கார்ந்துகொண்டு
என்னையே கேட்டது:
ஏன்? ஏன்? ஏன்?

வேலை போனபின் ஒரு பதினோரு மாதம்.
அதில் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான்.
மேடவாக்கத்தில் கேன் தண்ணீர் போடுகிறான்
சித்தப்பா மகன் கன்னியப்பன்.
எந்த வீட்டில் காலி கேன் எத்தனை நிற்கிறதென்று
அவன் போனில் பார்க்க ஒன்று எழுதிக் கொடுத்தேன்.
பச்சையைத் தொட்டால் கூடும், சிவப்பைத் தொட்டால் குறையும்.
ஈர விரலுக்குப் பட்டன் சிக்கவில்லை என்றான்.
பெரிதாக்கினேன்.
நான் எழுதியதில்
இன்னும் உயிரோடு ஓடுவது அது மட்டும்.

"தண்ணி கேனைத் தூக்கிடு,
ரேஞ்சே போயிடும்."
தூக்கினேன்.

அறுபத்து மூன்று இடத்துக்கு அனுப்பினேன்.
தங்கள் அனுபவம் எங்களைப் பெரிதும் கவர்ந்தது, இருப்பினும்
என்று வந்தன பதில்கள்.
அவர்களிடமும் ஒரு ரெபெக்கா இருக்கிறாள்.

கிண்டியில் ஒன்பதாவது மாடி.
ஏசிக் குளிரில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்தி
நான் உட்கார்ந்திருக்க
அவர் பேனா முனையால் அந்த வரியைத் தொட்டார்.
நாற்பது சதவீதம். எப்படி அளந்தீங்க?

அளக்கவில்லை என்றேன்.
வாய் தானாகச் சொல்லிவிட்டது.
அவர் எதையோ குறித்துக்கொண்டார்.
சும்மா இருக்க முடியாமல் காலி கேன் கதையைச் சொன்னேன்.
பட்டன், ஈர விரல், எல்லாம்.
ஒரே வீட்டுக் கணக்கை
ரெண்டு பேர் ஒரே நேரத்துல தொட்டா?
கன்னியப்பன் ஒருத்தன்தான் சார்.
அவர் சிரிக்கவில்லை.
சொல்லி அனுப்புறோம் என்றார்.

பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது,
எஸ்ஆர்பி டூல்ஸ் சிக்னலில்,
நினைவுக்கு வந்தது:
போன மாதத்திலிருந்து அவன் பெண்டாட்டி செண்பகமும்
இன்னொரு வண்டியில் லோடு போகிறாள்.
இரண்டு போன். ஒரே கணக்கு.
நாலு நாளாய் கேன் குறைகிறது, எந்த வீட்டுக்காரனோ
அமுக்கிவிட்டான் என்று
அவன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது
என் தப்பு.

அன்றிரவே சரிசெய்தேன்.
ரெஸ்யூமைத் திறந்து நாற்பதை எடுத்தேன்.
அடியில் சேர்த்தேன்:
காலி கேன் கணக்கு. எழுதினேன். இப்போது
இரண்டு பேர் பயன்படுத்துகிறார்கள்.

கிண்டியிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.

ரெபெக்கா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
ரெண்டாவது பக்கத்துக்குப் போயிருக்கிறதே,
இந்த ஒரு வரிக்காகவா
ஒரு பக்கம் முழுசும்?