மீதம் ஏழு

அம்பகாமக் காட்டோரம்
அன்றைக்கும் முழந்தாளில் நின்றேன்.
ஒரு மீற்றர் அகலப் பாதை. கையில் சுரண்டி.
முகத்துக்கு முன் தடித்த கண்ணாடி,
அதில் படிந்து படிந்து போகும் என் மூச்சு.
ஒரு சாண் மண்ணைப் பார்த்து முடிக்க
சில நாளில் ஒரு காலைப்பொழுது போகும்.
பார்த்த இடத்துக்கு வெள்ளைத் தடி.
பாராத இடத்துக்குச் சிவப்பு.
பதினொரு வருசத்தில்
ஒரு தடியை நான் மாற்றி ஊன்றியதில்லை.

வீட்டில், முத்தையன்கட்டில்,
சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு ரொபிப் பேணி.
மச்சாள் கனடாவிலிருந்து கொண்டுவந்தது.
மூடியில் பனிமனிதன் சிரிக்கிறான்.
ரொபி தைப்பொங்கலோடு முடிந்துவிட்டது.
பிறகு அதில் நகுலேசனின் உருண்டைகள்.

இல்லாத காலின் பெருவிரல்
இரவு இரண்டு மணிக்கு நோகும் அவனுக்கு.
பனடோலுக்குக் கேளாத நோ.
புதுக்குடியிருப்புப் பக்கம் ஒருவன்
கஞ்சா போட்ட லேகியத்தை உருட்டித் தருகிறான்,
எள்ளுத் தூவி, வெள்ளித் தாளில் சுற்றி.
பார்த்தால் எள்ளுப்பாகு.
மணந்தாலும் எள்ளுப்பாகு.

நான்கு மணிக்கு வாகனம் என்னை இறக்கிவிட
ஆரபி முற்றத்தால் வந்தாள்.
ஆள் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.
விளையாடுகிறாளாக்கும் என்று சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை இன்னும் விழுங்க முடியவில்லை.
தூக்கினேன். கழுத்து நிற்கவில்லை.
கண் சிவந்து, பாதி மூடி.
விரலிடுக்கில் எள்ளு.
உள்ளே நகுலேசன் அயர்ந்து கிடந்தான்.

ஓட்டோவில், ஒட்டுசுட்டான் தாண்டும்வரை
ஒரு சொல் இல்லை.
தண்ணீரூற்றடியில் அவன் சொன்னான்:
"காய்ச்சல் எண்டு சொல்லுவம்.
பொலிஸ் வந்தா?"

மாஞ்சோலை. டொக்டர் சின்னப் பெடியன்.
கண்ணுக்குள் ரோச் அடித்தான்.
"என்ன சாப்பிட்டவ?"
ஒருக்கால் கேட்டான். இன்னொருக்கால் கேட்டான்.
நகுலேசன் சுவரைப் பார்த்தான்.
சுவரில் மண்டையோட்டுப் படம்:
தொடாதே. கிட்டப் போகாதே.
பெரியாக்களிடம் சொல்.
அதற்குப் பசை தடவியவள் நான்தான்.

பெரியாள் நான். நான் யாரிடம் சொல்ல?

வேலையில் ஒரு சட்டம் உண்டு.
விட்ட இடத்தை விட்டேன் என்று
வாய்திறந்து சொல்லவேண்டும்.
பின்னால் வருபவள்
அந்த வெள்ளைத் தடியை நம்பித்தான் காலை வைப்பாள்.

"கஞ்சா லேகியம்" என்றேன்.
"ஒரு உருண்டை. ரெண்டாயும் இருக்கலாம்.
மூண்டு மணிபோல."
அவன் நிமிரவில்லை. எழுதினான்.
நேர்ஸ்தான் சொன்னா:
"நல்லகாலம் சொன்னியள். இல்லாட்டி
மூளைக்காய்ச்சல் எண்டு
முள்ளந்தண்டில ஊசி போட்டிருப்பம்."

பத்தொன்பது மணித்தியால நித்திரை.
மூச்சை மெசின் எண்ணியது.
மெசினை நம்பாமல் நானும் எண்ணினேன்.
மறுநாள் மத்தியானம் கண் திறந்து
"குஞ்சுகளை அடைச்சனீங்களோ அம்மா?" என்றாள்.
அடைக்கவில்லை. இரண்டைக் கீரி கொண்டுபோயிருந்தது.

பேணியை நசித்துக் கிணற்றடியில் தாட்டேன்.
மண்ணுக்குள் நான் ஒளித்த ஒரே பொருள்.
உருண்டைகள் இப்போது
மீள்குடியேற்றத்தில் தந்த தகரப் பெட்டிக்குள்,
அலுமாரிக்கு மேல்.
திறப்பு என் கழுத்தில், வேலை விசிலோடு.

ஆரபி அண்ணாந்து பார்க்கிறாள்.
"அதுக்குள்ள வெடிக்கிற சாமானோ?"
ஓம் என்று வாய்வரை வந்தது.
வெடிக்காது என்று ஒருநாள் கண்டுபிடிப்பாள்,
பிறகு என் மற்றச் சிவப்புத் தடிகள்?
"அப்பான்ர மருந்து. பிள்ளையளுக்குக் கூடாது.
நீ நித்திரை கொண்டது அதாலதான்."
கொஞ்சம் யோசித்து
"எள்ளுப்பாகு மாதிரியே இருந்தது" என்றாள்.

இரண்டு மணிக்கு அவன் தொட்டு எழுப்புகிறான்.
கதிரையில் ஏறி, திறந்து, ஒன்றை எடுத்து,
அவன் விழுங்கும்வரை நின்று,
வெள்ளித் தாளையும் கையில் வாங்கி,
பூட்டி, பூட்டை ஒருக்கால் இழுத்துப் பார்த்து,
வேலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
ரோச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்:
திகதி. நேரம்.
மீதம் ஏழு.