ஆடிக்காற்றில் எடை பார்த்தல்

விசிறியை நிறுத்தியாயிற்று, சன்னலும் சாத்தியாயிற்று.
பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற ஆடிக்காற்று
பல்லடம் ரோட்டில் கம்பெனிக் கூரைத் தகரத்தையே தூக்குகிறது.
என் தராசில் கிடப்பதோ
மூன்று மில்லிகிராம்.

ராயப்பன் கொண்டுவந்தது.
பனியன் போட்டு வரும் பிளாஸ்டிக் உறையில்
துடைத்தெடுத்த மிச்சம். மற்றது
எவனோ ஒருவனுக்குள் ஏற்கெனவே போய்விட்டது.
பெயர் கேட்பதில்லை நாங்கள்.
நூற்றுப் பதின்மூன்று என்று எழுதிக்கொள்கிறேன்.
உறையின் மேல் பால்பாயிண்டில், கோணல் எழுத்தில்:
"இது நல்லதுங்களா?"

முன்பு சாயப்பட்டறையில் இருந்தேன்.
ஜெர்மன்காரன் அனுப்பிய துணித்துண்டும் எங்கள் கருநீலமும்
ஒன்றுதானா என்று சொல்வது வேலை.
பொருந்தாவிட்டால் கண்டெய்னர் திரும்பி வரும்,
முதலாளி கத்துவார், அவ்வளவுதான்.

கரைத்து, வடித்து, கருவிக்குக் கொடுத்தேன்.
வெகுநேரம் திரையில் கோடு படுத்தே கிடந்தது.
பிறகு ஒரு மேடு: வலி மாத்திரை. எதிர்பார்த்ததுதான்.
பெரும்பங்கு மாவு. அயோடின் ஒரு சொட்டில்
நான் பழகிய அதே கருநீலம்.
சேலத்து ஜவ்வரிசி மாவாக இருக்கலாம்,
அது யாரைக் கொல்லும்?
ஏழாம் நிமிடத்தில்
சென்னிமலை போல இன்னொன்று எழுந்தது.
பட்டியலில் அதற்குப் பேர் இல்லை.
மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அங்கேயே.

ராயப்பனுக்குப் போன் போட்டேன்.
"நல்லதில்லைன்னு சொல்லட்டுங்களா?"
அப்படிச் சொல்லாதே. நல்லது கெட்டது மிஷினுக்குத் தெரியாது.
நீ வாங்கினதாக நினைப்பது மட்டும் அதில் இல்லை என்று சொல்.
தனியாக வேண்டாம், பக்கத்தில் ஒருத்தன்
கண் முழித்திருக்கட்டும் என்று சொல்.
"இத்தனையும் எங்கீங்க எழுதறது?"
ரயில்வே பாலத்துத் தூணில் எழுதேன்,
எல்லா ஷிப்டும் அதைத் தாண்டித்தானே போகுது.

அன்று ராத்திரி ஊத்துக்குளி ரோட்டில்
மூன்று முறை ஆம்புலன்ஸ் போனது.
மூன்று முறையும் எழுந்து உட்கார்ந்தேன்.

ஒன்பது நாள்.
தூணில் கரியால் எழுதியிருந்ததன் மேல்
யாரோ காதணி விழா போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.
இன்று காலை ஓர் உறை வந்தது,
அதே கோணல் எழுத்து:
"பாலத்துல பாத்தனுங்க.
அடுத்ததுல பாதிதான் போட்டேன். இதப் பாருங்க."

நிறுத்தவில்லை அவன்.
பாதி.
ஆராய்ச்சிப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரமாக எழுதிவைத்தேன்,
சின்னதாக, பென்சிலில்.
பிறகு எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினேன்.