கொண்டை ஊசி

ஐந்து ரோட்டுக் கடையில்
பெண்கள் அலமாரி முழுக்க ரோஸ் நிறம்.
ஆண்கள் பக்கம் போய்
ஆறாம் நம்பர் கேட்டேன்.
"நடக்கவா மேடம்?"
ஓட.
அந்தச் சொல்லை அன்றுதான்
வேறொரு ஆளிடம் வாய்விட்டுச் சொன்னேன்.
பையன் என் புடவையைப் பார்த்தான்,
பில்லைப் போட்டான்.
நாற்பது சதவீதம் தள்ளுபடி.

இரண்டு மாதம் மூக்கனேரிக் கரை.
கொலுசைக் கழற்றி அரிசி டப்பாவில் போட்டுவிட்டு
விடியுமுன் ஓடித் திரும்பி
எட்டரைக்கு ஜவ்வரிசி ஆலையில் பில் போடுவேன்.
மூட்டைக் கணக்கில் தப்பு வந்தால்
முழங்கால் மேல் பழியைப் போடுவேன்.

அடிவாரத்தில் அதிகாலை ஐந்து.
தந்த பனியன் என் முழங்காலைத் தொட்டது.
பெண்கள் சைஸ் தீர்ந்துபோச்சாம்,
நாங்கள் வந்து சேருமுன்பே.
முதுகில் முறுக்குக் கம்பி, பல் ஆஸ்பத்திரி,
கருத்தரிப்பு மையம், வட்டியில்லா நகைக்கடன்.
சேலத்தின் பாதியைச் சுமந்துகொண்டு
மலையேற வேண்டும்.

நம்பர் தாளுக்கு ஆளுக்கு இரண்டே ஊக்கு.
கீழ்முனை படபடக்க நின்றார்கள்.
என் வளையலில் எப்போதும் ஆறு தொங்கும்.
நாலைக் கொடுத்தேன்.
வாங்கியவர்களில் ஒருவர்
நாற்பதாயிரம் ரூபாய் வாட்ச் கட்டியிருந்தார்.
தூக்கம், துடிப்பு, ரத்தத்தில் காற்று
எல்லாம் சொல்லுமாம்.

பிறகு மாம்பழம் வந்தது.
மஞ்சள் பஞ்சு, தலையில் பச்சை இலை,
கண்ணுக்கு இரண்டு ஓட்டை.
"மல்கோவாவா?"
"தனசேகருங்க, டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்."
வேஷப் பரிசு மிக்ஸி என்றார்.
வேறு யாரை முந்தாவிட்டாலும்
இந்தப் பழத்தை முந்திவிடுவது என்று
அப்போதே முடிவு செய்தேன்.

ஒன்று கீழ் இருபது.
இரண்டு கீழ் இருபது.
வளைவுப் பலகைகள் பின்னப் பாடம் நடத்தின.
பத்தில் எங்களுக்கு விடுதலை.
மூன்றில் வாட்சுக்காரர்கள் மறைந்தார்கள்.
நாலில் பள்ளிப் பிள்ளைகள்.
ஐந்தில் என் நூற்றியிருபது ரூபாய் சத்துக் கூழைப்
பல்லால் கிழிக்கத் தெரியாமல் திணறியபோது
குரங்கு ஒன்று வாங்கிக் கிழித்துக் காட்டியது.
திருப்பித் தரவில்லை.

எனக்குப் பின்னால் இனி யாருமில்லை,
ஆம்புலன்ஸ் தவிர.
முதல் கியரில் உறுமிக்கொண்டே
சகாயராஜ் வளைவுக்கு வளைவு கேட்டார்:
"ஏறிக்கிறீங்களாக்கா?"
இல்லை.
"ஏறிக்கிறீங்களாக்கா?"
இல்லைங்க.
ஆறில் வலது ஷூ வாயைப் பிளந்தது.
பசை விட்டதா, பசி எடுத்ததா,
நாக்கு மாதிரி அடித்தோல் தார் ரோட்டை நக்கியது.
உட்கார்ந்துவிட்டேன்.

அழுதேனா என்று கேட்காதீர்கள்.
சகாயராஜ் இறங்கி வந்து
என்னைப் பார்க்காமல் ஷூவை மட்டும் பார்த்தார்.
எடுத்துப்போய் ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்.
நாலு சுற்றுக் கட்டு.
"ஊக்கு இருக்காக்கா?"
கடைசி இரண்டும் கொடுத்தேன்.
"துணி செலவாச்சே, எழுதணும்" என்று
நோட்டை எடுத்தார்.
பெயர்: வலது.
வயது: இரண்டு மாதம்.
புகார்: ஏற்றம்.

சிரிப்பு வந்த வேகத்தில்
ஏழும் எட்டும் எப்படிப் போயின தெரியாது.
ஒன்பதில் கைப்பிடிச் சுவரில் மாம்பழம் சாய்ந்திருந்தது.
பஞ்சு முழுக்க வியர்வை ஊறி
உட்காரவும் முடியாமல்
குனியவும் முடியாமல்.
"லேசு அவுந்துருச்சுங்க. ரெண்டு வளைவா
யாராச்சும் வருவாங்கன்னு பார்க்கிறேன்."
முந்தியிருக்கலாம்.
குனிந்து கட்டினேன், இரட்டை முடிச்சு.
நிமிர்ந்தபோது தனசேகர் ஓடிக்கொண்டிருந்தார்.
இலை தெரிந்தது, பிறகு இலையும் தெரியவில்லை.

பத்து கீழ் இருபதில்
கோட்டை அழித்துக்கொண்டிருந்தார்கள்.
பந்தலில் பாதி கழற்றியாகிவிட்டது.
மெடல் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார்கள்,
பொங்கல் ஆறியிருந்தது.
மிக்ஸி கரடி வேஷத்துக்குப் போனதாம்.

செவ்வாய்ப்பேட்டையில் செருப்பு தைப்பவர்
கட்டைப் பிரித்துவிட்டுக் கேட்டார்:
"எந்த ஆஸ்பத்திரியிலம்மா கட்டுனாங்க?"
சுற்றிலும் தையல் போட்டிருக்கிறார்.
மூக்கனேரிக் கரையில் இப்போது
வலது காலுக்கு மட்டும் ஒரு கீச்.
நாய்கள் முதலில் அதைத்தான் பார்க்கின்றன.

தலைமுடியை இறுக்கிக் கட்டும்போது
கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி
எண்ணிக்கொள்கிறேன்:
இன்னும் பத்து இருக்கிறது.